ஆயில் காய்ந்தது, காகிதம் காயவில்லை: 11 கே.வி. டிரான்ஸ்பார்மர் ஒன்றை உலர்த்திய பதிவு

தூத்துக்குடிக் கடலோரத்தில் ஓர் உப்பு அரவை ஆலை. அங்கே 11 கே.வி.யை 433 வோல்ட்டாக இறக்கும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. தலையில் கன்சர்வேட்டர் என்ற கூடுதல் ஆயில் தொட்டி, பக்கத்தில் உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பிரீதர், மூடியின் மேல் மின்முனைகளை வெளியே கொண்டுவரும் பீங்கான் புஷ்ஷிங்குகள் என்று வழக்கமான ஆயில் டிரான்ஸ்பார்மர்தான். போன சீசன் தொடக்கத்தில் வேறொரு குழு வந்து ஆயிலை ஃபில்டர் செய்து, பி.டி.வி., அதாவது ஆயிலைத் துளைத்து மின்சாரம் பாயும் வோல்டேஜ், 58 கே.வி. என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தது. சீசன் பாதியில் எடுத்த சாம்பிள் 24 கே.வி.யிலேயே உடைந்துவிட்டது. ஆலை முதலாளி அண்ணாச்சிக்கு வருத்தம். "காசு வாங்கிட்டுப் பேப்பர் குடுத்துட்டுப் போயிட்டாங்க தம்பி" என்றார்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பொய் ரிப்போர்ட் என்று தோன்றவில்லை. அன்றைக்கு அந்த ஆயில் 58 தாங்கியிருக்கும். ஆனால் டிரான்ஸ்பார்மருக்குள் தண்ணீர் குடியிருப்பது ஆயிலில் இல்லை. செம்புக் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றிய காகிதத்திலும், இடையில் வைத்திருக்கும் பிரஸ்போர்டு என்ற கெட்டி அட்டையிலும்தான் அது இருக்கிறது. ஆயிலை மட்டும் காயவைத்துவிட்டுக் கிளம்பினால், காகிதத்தில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல ஆயிலுக்குள் வந்து சேரும். இந்த ஆலையில் நடந்தது அதுதான்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் ஆயில் சுமார் 450 லிட்டர், எடையில் ஏறக்குறைய 390 கிலோ. நாங்கள் எடுத்த சாம்பிளில் லேப் கொடுத்த ஈரப்பதம் 35 பிபிஎம், அதாவது ஒரு கிலோ ஆயிலுக்கு 35 மில்லிகிராம் தண்ணீர். மொத்த ஆயிலுக்கும் சேர்த்து 14 கிராமைத் தாண்டாது. காகிதம், பிரஸ்போர்டு, மரக்கட்டை எல்லாம் சேர்த்து ஒரு பேச்சுக்கு 50 கிலோ என்று வைப்போம். புதிதாக வரும்போது அதில் ஈரம் அரை சதவீதத்துக்குள் இருக்கும். இப்போது 3 சதவீதம் என்று குறைத்தே பிடித்தாலும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆகிறது. ஆயிலில் 14 கிராம், காகிதத்தில் 1,500 கிராம். ஃபில்டர் மெஷின் ஒரு ஷிஃப்ட் ஓடி எடுத்தது அந்த 14 கிராமையும் அதோடு வந்த கொஞ்சத்தையும்தான்.

அண்ணாச்சிக்கு இதை உப்பு மூட்டையை வைத்துத்தான் சொன்னேன். நனைந்த மூட்டையை வெயிலில் போட்டால் சாக்கு சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே கை விட்டால் அப்படியே ஈரமாக இருக்கும். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப உள்ளே காயற வரைக்கும் ஓட்டு" என்றார்.

சரி, சீசன் ஓடும்போது பி.டி.வி. ஏன் இறங்கியது? சூடு ஏற ஏற மினரல் ஆயில் அதிகத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் சுமார் 55 பிபிஎம் வரை தாங்கும், 60 டிகிரியில் 240 பிபிஎம் வரைக்கும் போகும். லோடு ஏறி டிரான்ஸ்பார்மர் சூடானால் காகிதத்தில் இருந்து ஈரம் ஆயிலுக்கு வரும். சூடாக இருக்கும்வரை அது கரைந்தே கிடக்கும், பெரிய தொல்லை தராது. அதே ஆயிலைப் பாட்டிலில் பிடித்து லேபில் ஆறவைத்துச் சோதித்தால், ஆறிய ஆயிலுக்கு அந்த ஈரம் தாங்கமுடியாத அளவு. பி.டி.வி. விழுந்துவிடும். டிரான்ஸ்பார்மரும் ஒரு நாள் சட்டென்று நின்று ஆறினால் உள்ளே அதேதான் நடக்கும். கரைந்திருந்த தண்ணீர் பொடித் துளிகளாகப் பிரியும். காகிதம் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள நேரம் பிடிக்கும். ஆறிக் கிடக்கும் டிரான்ஸ்பார்மரைத் திரும்ப சார்ஜ் செய்யும் (மின்சாரம் கொடுக்கும்) நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம்.

முதல் பார்வை

லைன் கிளியர் (லைனில் வேலை செய்யும் அனுமதி) வாங்கி, 11 கே.வி. லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட்டு, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று பார்த்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் மேலே ஏறினோம். எல்.டி. (433 வோல்ட்) பக்கம் ஜெனரேட்டரில் இருந்து மின்சாரம் திரும்பி வராமல் இருக்க மெயின் பிரேக்கரையும் வெளியே இழுத்து வைத்தோம். 433 வோல்ட் பின்வழியாக ஏறினால் மேலே 11,000 வோல்ட் நிற்கும். இதில் அவசரம் கூடவே கூடாது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அரவையும் நின்றுவிடும். கரண்டை மிச்சப்படுத்தலாம் என்று அந்த மாதங்களில் ஏ.பி. சுவிட்சையே திறந்து வைத்துவிடுவது இந்த ஆலையின் வழக்கம். காவல் விளக்குக்குச் சின்ன ஜெனரேட்டர். ஆக, ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் டிரான்ஸ்பார்மர் சூடே இல்லாமல் நனைந்துகொண்டு நிற்கிறது.

பிரீதரில் சிலிகா ஜெல் நிறம் வெளுத்து, அடியில் இருக்கும் ஆயில் கப் காலியாக இருந்தது. அந்தக் கப்பில் ஆயில் இருந்தால்தான் டிரான்ஸ்பார்மர் மூச்சு விடும்போது மட்டும் காற்று உள்ளே போகும். காலியாக இருந்தால் சிலிகா ஜெல் நாள் முழுக்க வெளிக்காற்றில் கிடந்து வீணாகிவிடும். ஆலை எலக்ட்ரீசியன் தம்பி அதைப் பார்த்ததும், "இதுதான் அண்ணே காரணம், ஜெல்லை மாத்திட்டா சரியாயிடும்" என்றார். பெரும்பாலும் எல்லோரும் சொல்வது இதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏனென்று சொல்கிறேன். ஆயில் ஒரு டிகிரி சூட்டுக்கு ஆயிரத்தில் முக்கால் பங்கு விரியும். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 450 லிட்டர் ஆயில் விரிந்து சுருங்குவது சுமார் 3.4 லிட்டர். அவ்வளவு காற்றுதான் ஒரு நாளைக்கு உள்ளே வரும். மூன்று மாதத்துக்கு 300 லிட்டர் காற்று. மழைக்காலக் கடற்கரைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் அளவுக்கு ஈரம் இருக்கும். 300 லிட்டருக்கு 7 கிராம்தான் வருகிறது. பிரீதர் கெட்டுப்போவது தவறுதான், 7 கிராமும் ஆயிலின் பி.டி.வி.யைக் கெடுக்கப் போதும். ஆனால் லிட்டர் கணக்கில் காகிதம் நனைய அது போதாது. தண்ணீர் தண்ணீராகவே எங்கேயோ உள்ளே வந்திருக்க வேண்டும்.

கன்சர்வேட்டரின் அடியில் ஒரு டிரெயின் பிளக் உண்டு. அதைத் திருகியதும் முதலில் வந்தது ஆயில் இல்லை. துருக் கலந்த பழுப்புத் தண்ணீர், அதற்குப் பின் மோர் நிறத்தில் கலங்கிய ஆயில். கன்சர்வேட்டரில் இருந்து டேங்குக்கு இறங்கும் பைப், கன்சர்வேட்டரின் அடித்தளத்தோடு நிற்காமல் சில சென்டிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரும் கசடும் அடியில் தங்கட்டும், டேங்குக்குள் இறங்க வேண்டாம் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த உயரம் நிரம்பிவிட்டால் மிச்சம் நேராக டேங்குக்குள்தான் விழும். மேலே போய்ப் பார்த்தால் ஆயில் ஊற்றும் மூடியில் வாஷரே இல்லை. கையால் திருகி வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி, மரை வழியாக இறங்கியிருக்கிறது.

இன்னொரு வழியும் இருந்தது. எல்.வி. (433 வோல்ட் பக்க) புஷ்ஷிங் ஒன்றின் அடியில் கசிவை அடைக்கும் கார்க் கேஸ்கெட் வெடித்து, நெடுநாளாக ஆயில் கசிந்திருக்கிறது. லெவல் கண்ணாடியில் ஆயிலே தெரியவில்லை. ஆயில் நிறைந்திருக்கும்வரை கன்சர்வேட்டரில் நிற்கும் ஆயிலின் அழுத்தம் கேஸ்கெட் வழியாக வெளியேதான் தள்ளும், தண்ணீர் உள்ளே வராது. லெவல் மூடிக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தக் கேஸ்கெட்டுக்கு உள்பக்கம் வெறும் காற்று. ஆயில் வெளியே போன அதே வெடிப்பு வழியாக மழை உள்ளே வரும். இன்ஸ்பெக்ஷன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தபோது, மூடியின் அடிப்பக்கத்தில் அந்தப் புஷ்ஷிங் ஓட்டையில் இருந்து ஒரு விரல் அகலத்துக்குத் துருப்படிந்த கோடு ஓடி, நேர் கீழே கோர் என்ற இரும்பு மையத்தின் மேல் கிளாம்பில் சொட்டுச் சொட்டாகப் பழுப்பு வட்டங்கள். அதற்குப் பக்கத்திலேயே காயிலின் மேல்முனைக் காகிதம் நிறம் மாறியிருந்தது. எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். அவர் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

மூடியைத் திறந்தது வெயில் நன்றாக ஏறிய பிறகு, நடுப்பகலில். காலையில் அந்தப் பக்கம் பனியும் உப்புக் காற்றுமாக இருக்கும். அப்போது திறந்தால் இருக்கிற ஈரம் போதாதென்று இன்னும் கொஞ்சம் சேரும். பார்த்து முடித்ததும் உடனே மூடிவிட்டோம்.

சாம்பிள், மெகர்

சாம்பிள் எடுப்பதில் பலரும் அலட்சியம் காட்டுவார்கள். வால்வைத் துடைக்காமல், முதலில் வரும் ஆயிலையே பாட்டிலில் பிடித்தால், வால்வுக்குள் தேங்கிய தண்ணீரின் ரிப்போர்ட்தான் கிடைக்கும். அடி வால்வைத் துடைத்து, ஒன்றிரண்டு லிட்டர் வெளியே விட்டு, அதே ஆயிலில் பாட்டிலை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடினோம். கண்ணாடிப் பாட்டில், நன்றாகக் காயவைத்தது. மேல் வால்வில் இன்னொன்று.

பி.டி.வி. சோதனையில் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. வினாடிக்கு 2 கே.வி. வீதம் ஏற்றி, ஆறு முறை உடையவிட்டுச் சராசரி எடுப்பது வழக்கம். எங்களுக்குக் கிடைத்தது மேலே 27, அடியில் 18. இந்த வோல்டேஜ் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிலுக்கு ஐ.எஸ். 1866 என்ற இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது 30. ஆறு ஷாட்டில் ஒன்று 11லேயே உடைந்தது. எனக்குச் சராசரியைவிட அந்த ஒற்றை எண்தான் கவலை தந்தது. ஆயிலில் வெறும் ஈரம் மட்டும் இருந்தால் ஷாட்டுகள் ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் வரும். ஈரத்தோடு காகித நார்த் தூசியும் சேர்ந்திருந்தால்தான் இப்படித் தாறுமாறாகச் சிதறும். நார் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மின்புலத்தில் இழுபட்டு, இரண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவே வரிசையாகக் கோத்துக்கொள்ளும். அந்தப் பாலம் வழியாக மின்சாரம் பாய்ந்துவிடும். சோதனைக் கிண்ணத்தில் விளக்கு வைத்துப் பார்த்தால் சில சமயம் அந்த நார்கள் மிதந்து வந்து நடுவில் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிரான்ஸ்பார்மருக்குள்ளும் காயிலுக்கும் டேங்குக்கும் நடுவே இதே கதைதான்.

அடுத்தது மெகர், காப்பின் மின்தடையை அளக்கும் கருவி. 11 கே.வி. பக்கத்துக்கு 5 கே.வி. மெகர். மூன்று எச்.வி. (11 கே.வி. பக்க) முனைகளையும் ஒன்றாகக் கட்டி, எல்.வி. முனைகளையும் ஒன்றாகக் கட்டி, எச்.வி.க்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தோம். காலை எட்டு மணி வாக்கில் 22 மெகாஓம். நடுப்பகலில் அதே இணைப்பில் 95. உள்ளே காகிதம் நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடாது. காலையில் பார்த்ததில் பெரும்பகுதி புஷ்ஷிங் பீங்கானின் மேல் ஓடிய கசிவு.

இந்த ஊரில் புஷ்ஷிங்குகளைத் தனியாகப் பேசியே ஆக வேண்டும். பீங்கான் மடிப்புகளில் விரல் வைத்தால் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. விடியற்காலைப் பனி அதை நனைக்கும்போதுதான் பீங்கானின் மேல் உப்புநீர்ப் படலம் உருவாகி, மில்லிஆம்பியர் கணக்கில் கரண்ட் ஓட ஆரம்பிக்கும். அந்தக் கரண்ட் தரும் சூட்டில் படலத்தில் ஓர் இடம் மட்டும் முதலில் காயும். அந்தச் சின்னக் காய்ந்த பட்டையின் குறுக்கே வோல்டேஜ் முழுவதும் வந்து நிற்க, அங்கே பொறி பறக்கும். இருட்டில் ஊதா நிறத்தில் தெரியும், சீறும் சத்தமும் கேட்கும். பொறி நீண்டு நீண்டு ஒரு நாள் மேல்முனைக்கும் மூடிக்கும் நடுவே பாய்ந்துவிட்டால் 11 கே.வி. பக்கத்து எச்.ஜி. ஃப்யூஸ் போய்விடும். கொட்டும் மழை இதற்கு நல்லது, உப்பைக் கழுவிவிடும். தூறலும் பனியும்தான் கெட்டவை. காவலாளி சொன்னார், சீசன் நாட்களில் விடியற்காலை டிரான்ஸ்பார்மர் பக்கம் "புஸ் புஸ்"னு சத்தம் கேட்கும், வெயில் வந்தால் நின்றுவிடும் என்று.

நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொரு மடிப்பையும் துடைத்துக் காயவைத்தபின் மெகர் 140க்கு ஏறியது. மூன்று புஷ்ஷிங்கின் அடி மடிப்பிலும் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி மெகரின் கார்டு முனையில் இணைத்தால், பீங்கான் மேல் ஓடும் கசிவு கணக்கில் வராமல் தனியே போய்விடும். அப்படிப் பார்த்தபோது 150. ஆக வெளியே சுத்தம், இனி இருப்பதெல்லாம் உள்ளே. அந்த நேரம் ஆயில் 29 டிகிரி. 11 கே.வி. டிரான்ஸ்பார்மருக்கு 30 டிகிரியில் குறைந்தது 400 மெகாஓம் வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவுகோல். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இது பாதியாகும். 40ல் 200, 50ல் 100, 60ல் 50. வெப்பநிலையைக் குறிக்காத மெகர் ரீடிங்கை நான் ரிப்போர்ட்டில் ஏற்றுக்கொள்வதே இல்லை.

பத்து நிமிடம் மெகரைப் பிடித்தும் 150ல் இருந்து 165தான் ஆனது. பத்தாவது நிமிட ரீடிங்கை முதல் நிமிட ரீடிங்கால் வகுத்தால் 1.1. காய்ந்த காப்பில் நேரம் போகப் போக ரீடிங் நன்றாக ஏறும். ஈரம் இருந்தால் கசிவுக் கரண்ட் முதல் நிமிடத்திலேயே நிலைத்துவிடுவதால் ஏறாது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் முனைகளை எர்த் செய்து வெகுநேரம் விட்டுவிட வேண்டும். 5 கே.வி. ஏற்றிய காயில் கையைத் தூக்கி வீசும் அளவுக்குச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

உலர்த்துவது

முதலில் ஓட்டைகள். எல்.வி. புஷ்ஷிங் கேஸ்கெட்டுகளை மொத்தமாக மாற்றினோம். நைட்ரைல் ரப்பர் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கான் கீறல் விடும். கன்சர்வேட்டர் மூடிக்கு வாஷர். கன்சர்வேட்டர் உள்ளே சூடான ஆயிலால் அலசித் துருவை எடுத்தோம். ஃபில்டர் மெஷினை அதற்குப் பிறகுதான் இறக்கினோம்.

மெஷின் மணிக்கு 1,000 லிட்டர் ஓடக்கூடியது. ஹீட்டர், ஃபில்டர், வெற்றிட அறை, வேக்யூம் பம்ப். அடி வால்வில் இருந்து ஆயிலை இழுத்து, 60 முதல் 65 டிகிரிக்குச் சூடாக்கி, வெற்றிட அறைக்குள் மெல்லிய படலமாக வழியவிட்டு ஈரத்தை உறிஞ்சி, மேல் வால்வு வழியே திருப்பிக் கொடுக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: வெற்றிடம் மெஷினின் அறைக்குள் மட்டும்தான். இந்த அளவு டிரான்ஸ்பார்மரின் டேங்கும் ரேடியேட்டர் தகடும் முழு வெற்றிடத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. டேங்கையே இழுத்துப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம், தகடு உள்ளே குழிந்துவிடும்.

ஒரு சுற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்? 390 கிலோ ஆயிலில் 30 பிபிஎம் குறைத்தால் 12 கிராம்தான். ஒரு லிட்டர் தண்ணீரை எடுக்க எண்பதுக்கு மேல் சுற்று வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. காகிதம் தன்னிடம் இருக்கும் ஈரத்தை உடனுக்குடன் கொடுத்தாலே 35 மணிக்கு மேல் ஆகும். கொடுக்காது. அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும் காகிதத்தின் உள்ளடுக்கில் இருந்து வெளியே வரத்தான் நேரம் பிடிக்கிறது. ஒரு ஷிஃப்டில் முடியும் வேலையாக இதை யார் விலை சொன்னாலும் அவர் ஆயிலுக்கு மட்டும் விலை சொல்கிறார்.

காகிதம் ஈரத்தை வேகமாக விட வேண்டுமென்றால் காயில் உள்ளிருந்தே சூடாக வேண்டும். அதற்காக இரவில் மெஷினை நிறுத்திவிட்டு ஷார்ட் சர்க்யூட் முறையில் சூடேற்றினோம். எல்.வி. முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாக இணைத்து, எச்.வி. முனைகளுக்கு ஜெனரேட்டரில் இருந்து 415 வோல்ட் மூன்று ஃபேஸ். நேம்பிளேட்டில் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம், அதாவது எல்.வி.யை ஷார்ட் செய்து எச்.வி.க்கு அதன் வோல்டேஜில் 4.5 சதவீதம் கொடுத்தாலே முழு லோடு கரண்ட் ஓடும். 11,000த்துக்கு 415 என்பது 3.77 சதவீதம். ஆகவே முழு லோடு கரண்டில் 84 சதவீதம் ஓடும்: எச்.வி.யில் 22 ஆம்பியர், எல்.வி. பட்டையில் 560 ஆம்பியர். ஜெனரேட்டர் மேல் விழுவது 16 கே.வி.ஏ.தான். காயிலுக்குள் சில கிலோவாட் சூடு நேராகச் செம்பிலேயே பிறந்து, காகிதத்தை உள்ளிருந்து வெளியே காயவைக்கும். வெளியே சூடு போகாமல் இருக்க ரேடியேட்டரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். மேல் ஆயில் 75 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று ஒருவர் தெர்மாமீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். 560 ஆம்பியர் ஓடும் பட்டையில் ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் அது பழுக்கக் காய்ந்து கேஸ்கெட்டைக் கருக்கிவிடும். அதனால் முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு நட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டே இருந்தோம். டேங்கும் நியூட்ரலும் எர்த்தில் இருக்க வேண்டும், சுற்றிலும் கயிறு கட்டி ஆள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெகர் ரீடிங்கைப் பார்த்து இந்தக் கட்டத்தில் பலர் பயந்துபோவார்கள். ஆயில் 60 டிகிரிக்கு வந்ததும் 150 மெகாஓம் 17க்கு இறங்கியது. பாதிப் பாதியாகக் குறையும் கணக்குக்கு அது சரிதான். அதற்குப் பிறகும் சூடு அப்படியே இருக்க 9 வரை இறங்கியது. காகிதத்தில் இருந்த தண்ணீர் ஆயிலுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேலை நடக்கிறது. எலக்ட்ரீசியன் தம்பி முகம் வாடிவிட்டது, "இன்னும் கெட்டுப்போச்சே அண்ணே" என்றார். வெற்றிட அறையின் கண்ணாடியைக் காட்டினேன். உள்ளே ஆயில் நுரைத்துப் பொங்கி இறங்கிக்கொண்டிருந்தது. வேக்யூம் பம்பின் ஆயில் கண்ணாடி பால் நிறத்துக்கு மாறியிருந்தது, வெளியே இழுத்த ஈரம் அதில் போய்ச் சேர்ந்ததால். பம்ப் ஆயிலை மாற்றினோம், அது மறுபடியும் வெளுத்தது. அதையும் மாற்றினோம்.

ரீடிங் 9, 10 என்று வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றது. பொறுமை போவது அங்கேதான். அப்புறம் அதே 60 டிகிரியில் 16, 28, 45 என்று ஏற ஆரம்பித்து, 75ல் போய் நின்றது. நுரையும் அடங்கியது. சூடு மாறாமல் பல மணி நேரம் 75லேயே நின்ற பிறகுதான் மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஆறி 30 டிகிரிக்கு வந்தபோது 610 மெகாஓம், பத்து நிமிட விகிதம் 1.6. ஆயில் பி.டி.வி. 66, ஷாட்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஈரம் 9 பிபிஎம்.

அன்றைக்கே ஒப்படைத்திருந்தால் இதுவும் போன வருட ரிப்போர்ட் மாதிரித்தான் இருந்திருக்கும். அதனால் சார்ஜ் செய்து, லோடு ஏற்றி, சில வாரம் ஓடவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போது மறுபடி சாம்பிள் எடுத்தோம். 52 கே.வி., 15 பிபிஎம். கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், காகிதத்தில் மிச்சமிருந்த ஈரம் ஆயிலோடு சமநிலைக்கு வந்திருக்கிறது. அதற்கு அடுத்த சாம்பிளும் அதே அளவில் நின்றபோதுதான் பில் போட்டேன்.

அண்ணாச்சி, "புதுசு மாதிரி ஆயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். காகிதம் என்பது செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. புதுக் காகிதத்தில் ஒரு சங்கிலிக்கு ஆயிரம் அலகு அளவில் இருக்கும். தண்ணீர் அந்தக் கண்ணிகளை வெட்டும். ஆயிலில் சேரும் அமிலம் அதற்குத் துணை போகும். வெட்டுப்பட்டுச் சிதையும் காகிதமே மேலும் தண்ணீரை உண்டாக்கும். ஈரம் இரட்டிப்பானால் காகிதம் மூப்படையும் வேகமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அலகு 200 அளவுக்குக் குறைந்தால் காகிதம் விரலில் உதிரும். அதன் பிறகு வெளியே ஒரு ஷார்ட் நேர்ந்து காயில் குலுங்கினாலே காகிதம் பிளந்துவிடும். உலர்த்துவதால் வெட்டும் வேகம் குறையும், வெட்டுப்பட்டது திரும்ப ஒட்டாது. மேல்முனையில் நிறம் மாறியிருந்த அந்த இடத்துக்கு வயது கூடியது கூடியதுதான்.

இனி மழைக்காலத்தில் ஏ.பி. சுவிட்சைத் திறந்து வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். லோடு இல்லாமல் சும்மா சார்ஜில் நின்றால் கோர் நஷ்டம் 1 கிலோவாட் என்று கூட்டிப் பிடித்தாலும் 90 நாளுக்கு 2,160 யூனிட். அந்தச் சூடு ஆயிலைச் சுற்றுப்புறத்தைவிட எப்போதும் சில டிகிரி மேலே வைத்திருக்கும், மூடியின் அடியில் பனி பூக்காது. ஃபில்டர் மெஷின் வாடகை, ஜெனரேட்டர் டீசல், நின்ற அரவை எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதிக் காட்டியதும் அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். பிரீதரின் கப்பில் கோடு வரைக்கும் ஆயில், சிலிகா ஜெல் நிறம் பாதி மாறியதுமே மாற்றுவது, மூடி வாஷரை மழைக்கு முன் பார்ப்பது எல்லாம் எலக்ட்ரீசியன் தம்பி பொறுப்பு.

மிச்சம் இருப்பது எச்.வி. புஷ்ஷிங். மேல் முனையில் இருந்து அடி வரை பீங்கானின் மடிப்புகளை ஒட்டி ஒரு நூலை வைத்து அளந்தால் 300 மில்லிமீட்டர் வருகிறது. 11 கே.வி. லைன் அதிகபட்சமாக ஏறக்கூடிய 12 கே.வி.க்கு இது ஒரு கிலோவோல்ட்டுக்கு 25 மில்லிமீட்டர் கணக்கு. இந்தக் கடலோரத்துக்கு 31 வேண்டும், அதாவது 372 மில்லிமீட்டர். நீளமான புஷ்ஷிங்குக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்கள். அது வரும்வரை மாதம் ஒரு முறை லைன் கிளியர் வாங்கி நல்ல தண்ணீரில் கழுவுவது, துடைத்தபின் சிலிக்கோன் கிரீஸ் பூசுவது. புதுப் புஷ்ஷிங் மாற்றும் நாளில் ஆயில் லெவலை இறக்கத்தான் வேண்டும். அன்றைக்கே மேல்முனைக் காகிதத்தை இன்னொரு தடவை டார்ச் அடித்துப் பார்த்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடப் போகிறேன்.